பொய் டிஸ்க்குக்கு ஒரு நட்சத்திரம்

அந்த டீயைக் குடிக்காதீங்க. அது பாலே இல்லை, பவுடரைக் கலக்கிக் கொண்டாந்திருக்கான். கலரைப் பாத்தாலே தெரியும் எனக்கு. பால் கம்பெனியில இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கேன், இது கூடத் தெரியாதா? ஐயோ, என்னைத் தாண்டி ஜன்னல் வழியாக் கொட்டாதீங்க, பின்னாடி உக்காந்திருக்கவங்க மூஞ்சியில அடிக்கும். சரி, குடிச்சிருங்க. ஒரு டம்ளர்ல ஒண்ணும் ஆயிறாது.

மதுரையில ரயில் ஏறுனதுல இருந்து பாக்குறேன், நீங்க ஒரு வார்த்தை பேசலை. நான் அப்படி இருக்க முடியாதுங்க. இன்னைக்கு மட்டும் பேசாம வந்தேன்னா தலை வெடிச்சிரும். நீங்க எதுக்கு மெட்ராஸ் போறீங்க? மக வீடா? இருங்க, இருங்க, நான் சொல்லி முடிச்சிர்றேன், அப்புறம் நீங்க சொல்லுங்க. நான் என்குயரிக்குப் போறேன். கம்பெனி என்குயரி. என் மேல இல்லைங்க! என் மேல எவன் வைப்பான்? தில்ஷாத்னு எங்கூட வேலை பாக்குறவ ஒருத்தி, அவ மேல. அவளுக்கு வேலை இருக்கா போகுதான்னு இன்னைக்கு சாயங்காலம் தெரிஞ்சிரும். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க. "நீங்க என்ன சொல்றீங்களோ அதை வச்சுத்தான் மேடம் முடிவு"ன்னு எச்.ஆர்.காரன் போன்லயே சொல்லிட்டான்.

மனசே சரியில்லை. ஒரு வாரமா தூக்கம் இல்லை. பண்ணுனவ அவ, தூக்கம் போனது எனக்கு. இது என்னங்க நியாயம்?

எனக்கு என்ன வேலைன்னா, கம்ப்யூட்டரைப் பாத்துக்கிறது. உக்காந்து டைப் அடிக்கிறதுன்னு நெனச்சிறாதீங்க. எங்க வீட்டுக்காரரே கல்யாணமாகி ரொம்ப நாளைக்கு அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தார். "சௌந்தரவல்லி, நீ எத்தனை பக்கம் அடிச்ச இன்னைக்கு"ம்பார். எங்க பிளான்ட்டுக்கு உசிலம்பட்டி பக்கம், வாடிப்பட்டி பக்கம், அங்கிட்டு நத்தம் வரைக்கும் ஊர் ஊரா வண்டி போய் பாலை எடுத்துட்டு வரும். வந்ததும் எடை போடணும், கொழுப்பு எவ்வளவுன்னு டெஸ்ட் பண்ணணும், அந்த நம்பர் சர்வர்ல விழணும். சர்வர்னா பெரிய கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அதுல நம்பர் விழலைன்னா பால் உள்ள போகாது. கேட்டுலயே நிக்கும். சித்திரை வெயில்ல பால் கேட்டுல நின்னா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த சர்வரைப் பாத்துக்கிட்டது நானும் தில்ஷாத்தும். ரெண்டு பேரும் ஒரே வருஷம் சேந்தோம். அவ என்னைவிடச் சின்னவ, சௌந்தரக்கா சௌந்தரக்கான்னு பின்னாடியே வருவா. நல்லா வேலை பாப்பா. சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே பாப்பா. ஆனா நான் ஒண்ணு சொன்னா அதை அப்படியே கேட்டுக்கிட்டு இருந்தவதான். இப்பத்தான் கொம்பு மொளைச்சிருச்சு.

கெர்னல்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? கேட்டிருக்க மாட்டீங்க. எங்க எம்.டி.யே கேட்டதில்லை. மிஷின் கண்ணைத் தொறந்ததும் மொதல்ல எந்திரிக்கிறது அதுதான். அது எந்திரிச்சு, எல்லாத்தையும் சேத்து வச்சிருக்கிற டிஸ்க்கை எழுப்பணும், நெட்வொர்க்கை எழுப்பணும், எல்லாத்தையும் எழுப்பி வேலைக்கு அனுப்பணும். ஆனா டிஸ்க் பேசுற பாஷை அதுக்குத் தெரியாது. நடுவுல பாஷை தெரிஞ்ச ஆள் ஒருத்தன் வேணும். அந்த ஆளைத்தான் ட்ரைவர்னு சொல்றது. இல்லைங்க, வண்டி ஓட்டுறவர் இல்லை! நல்லா கேட்டீங்க. ட்ரைவர் இல்லைன்னா, டிஸ்க் மூக்குக்கு நேரா இருந்தாலும் கெர்னலுக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது.

ஊர்ல எல்லாரும் கம்பெனிக்காரன் குடுக்குற கெர்னலை அப்படியே போட்டுக்குவாங்க. அதுல உலகத்துல உள்ள அத்தனை ட்ரைவரும் கெடக்கும். நம்ம பால் கம்பெனி சர்வருக்கு ரேடியோ கார்டு எதுக்கு, ஜாய்ஸ்டிக் எதுக்கு? நான் அப்படிப் போட மாட்டேன். நானே உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துக் கெர்னல் கட்டுவேன். ஸ்க்ரீன்ல வரிசையா வரும், ஒவ்வொரு ட்ரைவர் பேருக்கும் முன்னாடி ஒரு கட்டம். கட்டத்துல நட்சத்திரம் போட்டா அந்த ஆள் கெர்னல் கூடவே ஒண்ணா இருப்பான். எம்-னு இங்கிலீஷ் எழுத்தைப் போட்டா டிஸ்க்குல ஒரு ஓரமாப் படுத்திருப்பான், கூப்பிட்டா வருவான். காலியா விட்டா ஆளே கெடையாது. நட்சத்திரம், எம், காலி. அவ்வளவுதான், ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. புரியுதுல்ல? புரியலைன்னா கேளுங்க, எனக்கு இதைச் சொல்லக் கோவமே வராது.

நட்சத்திரத்தை நான் வாரி எறைக்க மாட்டேன். உண்மையிலேயே மிஷினுக்குள்ள இருக்கிற சாமானுக்கு மட்டுந்தான். அதனால எங்க கெர்னல் அவ்வளவு சின்னதா, சிக்குன்னு இருக்கும். வேற எடத்துல எல்லாம் கெர்னல் எந்திரிக்கிறப்பவே கூட ஒரு கைப்பையை மாட்டி விடுவாங்க. ஊருக்குப் போறப்ப அவசரத்துக்கு நாம வச்சுக்குவோம்ல, அந்த மாதிரி, அதுல ரெண்டு மூணு ட்ரைவரை வச்சுக் கட்டியிருப்பாங்க. எங்க கெர்னலுக்கு அந்தப் பையும் கெடையாது. தேவைப்படாது. திருச்சியில இருந்து ஒரு கம்பெனி ஆள் வந்து பாத்துட்டு வாயைப் பொளந்துட்டான். "இதைக் கையால கட்டினீங்களா மேடம்"னான். அன்னைக்கு எங்க வீட்ல பாயசம் வச்சேன்.

இன்னொண்ணு, எங்க சர்வர் நிக்காது. நிக்கவே நிக்காது. வருஷக்கணக்கா ஆஃப் பண்ணாம ஓடிக்கிட்டே இருக்கும். மிஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்றதெல்லாம் வேலை தெரியாதவன் பண்றதுன்னு தில்ஷாத்கிட்ட ஆரம்பத்துலயே சொல்லிட்டேன். ஓடுறதை எவளாவது நிறுத்துவாளா? அதுக்கு ஒரு சட்டமும் போட்டேன். மிஷின் நின்னு போச்சுன்னா கடைசியா யார் கை வச்சாங்களோ அவங்க பொறுப்பு. காரணம் கீரணமெல்லாம் கெடையாது. கை வச்சவங்க பொறுப்பு. எம்.டி.கூட "நல்ல ரூல்மா இது"ன்னார். அந்தச் சட்டத்துலதான் இவ இப்ப மாட்டிக்கிட்டு நிக்கிறா. நானா மாட்டி விட்டேன்? சட்டம் எல்லாருக்கும் பொதுதானே?

என்ன நடந்துச்சுன்னு வரிசையாச் சொல்றேன்.

போன வருஷக் கடைசியில எம்.டி.க்கு ஒரு ஆசை வந்துருச்சு. பழைய சர்வர் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு ஒரு பெரிய மிஷின் வாங்கி, அதுக்குள்ள பொய் மிஷின் உண்டாக்கணுமாம். வர்ச்சுவல் மிஷின்னு சொல்லுவாங்க. ஒரு வீட்டுக்குள்ள தட்டி வச்சு அடைச்சு நாலு குடித்தனம் வைக்கிற மாதிரி. அந்தக் குடித்தனம் ஒவ்வொண்ணும் தான் தனி வீட்ல இருக்கிறதாவே நெனச்சுக்கிட்டிருக்கும். அதுக்கு ஒரு பொய் டிஸ்க், ஒரு பொய் நெட்வொர்க் கார்டு. தொட்டுப் பாக்க ஒண்ணும் இருக்காது. எனக்குப் பிடிக்கலை. ஆனா எம்.டி. சொன்னா செய்யத்தானே வேணும்? செய்யலாம், பொறுமையா செய்யலாம்னு இருந்தேன்.

அந்த நேரம் பாத்து எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரியில சேத்து ஸ்டென்ட் வச்சாங்க. நான் லீவு போட்டுட்டு அங்கேயே கெடந்தேன். அது அவங்களுக்கு நோன்பு மாசம். தில்ஷாத் தெனமும் சாயங்காலம் தூக்குல நோன்புக் கஞ்சி எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துருவா. நோன்பு தொறக்குறதுக்கு முன்னாடியே வந்துருவா, தான் ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்க மாட்டா, எனக்கு ஊத்திக் குடுப்பா. அவ புருஷன் மஸ்கட்ல வேலை போய் வீட்டுக்கு வந்து உக்காந்திருந்த நேரம் அது, அவ சம்பளத்துலதான் வீடே ஓடுது. இருந்தும் வருவா. அதெல்லாம் நான் மறக்கலைங்க. மறக்கிறவ இல்லை நான்.

ஆனா ஒரு நாளாவது, ஒரு வார்த்தையாவது சொன்னாளா? கஞ்சி ஊத்துறப்போ "அக்கா, நான் சர்வரைப் பொய் மிஷினுக்கு மாத்திக்கிட்டு இருக்கேன்"னு சொன்னாளா? சொல்லலை. நான் திரும்பி ஆபீஸ் போறேன், எல்லாம் முடிஞ்சு போச்சு! பழைய சர்வரைச் சாக்கு போட்டு மூடி மூலையில வச்சிருக்கா. நான் கட்டின கெர்னலை எடுத்து அவளே மாத்திக் கட்டி, பொய் மிஷின்ல ஏத்தி, பால் நம்பர் அதுல விழுந்துக்கிட்டிருக்கு. எம்.டி. எல்லார் முன்னாடியும் கை தட்டுறார். "தில்ஷாத் தனியாவே முடிச்சுட்டாங்க, உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க"ங்கிறார். தொந்தரவாம்! நான் என்ன வேலை செய்ய முடியாத கெழவியா? எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். "ரொம்ப நல்லா பண்ணியிருக்கடி"ன்னேன்.

ஒரு நாள் அவ வெளிய போயிருந்தப்ப உக்காந்து அந்தக் கெர்னலைத் தொறந்து பாத்தேன். அடியாத்தி! இருக்கிற எடம் எல்லாம் நட்சத்திரம். கார்த்திகைக்கு வெளக்கு வச்ச மாதிரி. ஸ்க்ரீனுக்கு நட்சத்திரம், சவுண்டுக்கு நட்சத்திரம். பொய் டிஸ்க் இருக்கே, அதுக்கும் ஒரு நட்சத்திரம். இல்லாத டிஸ்க்குக்கு நட்சத்திரமா? நான் உண்மையான சாமானுக்கே யோசிச்சு யோசிச்சுப் போடுறவ. ஒண்ணொண்ணா எடுத்தேன். முக்கால்வாசி தேவையில்லாததுதான், அதைக் காலி பண்ணேன். பொய் டிஸ்க் கிட்ட வந்தேன். காலி பண்ணலைங்க, நல்லா கேட்டுக்கங்க, காலி பண்ணலை. எம் போட்டேன். ஓரமா இருக்கட்டும், கூப்பிட்டா வரட்டும். அது தப்பா? இன்னொரு பொய் மிஷின், பாலைக் குளிரூட்டுற பக்கம் வேற ரூம்ல தனிப் பெட்டியில ஓடுறது, அதுலயும் அதே மாதிரி எம் போட்டு வச்சுட்டேன். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தாத்தானே அழகு.

ஓட்டிப் பாத்தீங்களான்னு கேக்குறீங்களா? எப்படிப் பாக்குறது? புதுக் கெர்னல் எந்திரிக்கணும்னா மிஷினை ஒரு தடவை நிறுத்தணும். நான்தான் சொன்னேனே, ஓடுறதை நிறுத்துற பழக்கம் எனக்குக் கெடையாது. பழைய கெர்னல் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு, புதுசு பேசாம உக்காந்திருந்துச்சு. பழசுக்கு ஒரு பிரதி வைக்கணும், வைக்கலை. எதுக்கு அவ கட்டுனதை வச்சுக்கிட்டு? தில்ஷாத்கிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணலை. அவ எங்கிட்ட சொன்னாளா? ரெண்டு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான், யார் மாத்தினாலும் மிஷினுக்கு ஒரே ஆள். அவளே தொறந்து பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் எனக்கு அவகிட்ட பேசவே பிடிக்கலை. சண்டை எல்லாம் போடலை. கேட்டா பதில் சொல்லுவேன், அவ்வளவுதான். சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கிட்டு நான் பேக்கிங் செக்‌ஷன் பொண்ணுங்க கூடப் போய் உக்காந்துட்டேன். அவ தனியாச் சாப்பிட்டா. பாக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. ரெண்டு தடவை வந்து "அக்கா, எம்மேல கோவமா"ன்னா. "கோவப்படுறதுக்கு நீ என்ன பண்ணிட்ட"ன்னேன். அழுதுட்டா. நானும் வீட்டுக்கு வந்து குக்கரை வச்சுட்டு அது விசில் அடிக்கிற வரைக்கும் அழுதேன். ஆனா மொதல்ல யார் எறங்கி வரணும்? நீங்களே சொல்லுங்க. சின்னவதானே எறங்கி வரணும்? வந்தாளேன்னு கேக்காதீங்க. அப்படி வர்றதெல்லாம் எறங்கி வர்றது ஆகாது.

சித்திரையில ஒரு நாள் காலையில பெரிய மிஷின் இருக்கிற ரூம்ல ஏசி நின்னு போச்சு. சூடு ஏறிருச்சு. சூடு ஏறினா அந்த ரூம்ல இருக்கிறதை எல்லாம் ஆஃப் பண்ணி ஆற விட்டுத்தான் போடணும், வேற வழி கெடையாது. அன்னைக்கு எனக்கு லீவு. தில்ஷாத் ஆஃப் பண்ணியிருக்கா. ஆறினதும் ஆன் பண்ணியிருக்கா. பால் நம்பர் விழுற மிஷின் எந்திரிக்கலை. ஸ்க்ரீன்ல பேனிக்னு வந்துருச்சு. கெர்னல் எந்திரிச்சுச்சு, டிஸ்க்கைத் தேடுச்சு, டிஸ்க்கைக் காணோம்னு அப்படியே நின்னுருச்சு.

ஏன்னு கேட்டா, பொய் டிஸ்க்கோட ட்ரைவர் எம்ல இருக்கு. எம்ல இருக்கிற ஆள் எங்க படுத்திருப்பான்னு சொன்னேன்? டிஸ்க்குல. அந்த டிஸ்க்கைத் தொறக்கத்தான் அந்த ஆளே வேணும். பீரோ சாவியைப் பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டுன மாதிரி. கைப்பையும் இல்லையா, அவ்வளவுதான், அசையாது. ஒரு நிமிஷ வேலைங்க அது. பெரிய மிஷின்ல போய், அந்தப் பொய் டிஸ்க்கைப் பழைய மாடல் டிஸ்க்குன்னு மாத்திக் காமிச்சா போதும், நம்ம கெர்னலுக்குப் பழைய மாடல் ட்ரைவர் நட்சத்திரமாவே இருக்கு, எந்திரிச்சுரும். எங்கிட்ட கேட்டிருந்தா ஒரே வார்த்தையில சொல்லியிருப்பேன்.

கேட்டா, கேட்டா. போன் பண்ணா. நான் எடுக்கலை. பேசாம இருக்கிற ஒருத்தி போன் பண்ணா எப்படிங்க எடுக்கிறது? மன்னிப்புக் கேக்கக் கூப்பிடுறாளோன்னுதான் நெனச்சேன், சத்தியமா. இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்னு போனைக் குப்புற வச்சுட்டு வத்தல் காயப் போட மாடிக்குப் போயிட்டேன். மாடியில நின்னா பைபாஸ்ல போற பால் வண்டியெல்லாம் தெரியும் எங்க வீட்டுக்கு. வரிசையாப் போய்க்கிட்டிருந்துச்சு. நல்லா ஓடுது கம்பெனின்னு நெனச்சேன்.

அவ என்ன நெனச்சிருக்கா, டிஸ்க்குக்கு நட்சத்திரம் இருக்குன்னு. தான் போட்டது இருக்கும்னு. அதனால வேற எங்கெங்கயோ தேடியிருக்கா. டிஸ்க் கெட்டுப் போச்சோ, பெரிய மிஷின்ல கோளாறோன்னு மதியம் வரைக்கும் மண்டையை ஒடச்சிருக்கா. வெளிய வண்டிக்காரங்க எல்லாம் கத்துறாங்க. கேன்ல இருக்கிற பால் திரிய ஆரம்பிச்சிருச்சு. கடைசியில அவளாவே கண்டுபிடிச்சு எழுப்பிட்டா, அதையும் சொல்லணும். ஆனா அதுக்குள்ள அத்தனை பாலும் போச்சு. எல்லாத்தையும் பின்னாடி சாக்கடையில ஊத்தியிருக்காங்க. மறுநாள் நான் போறேன், வாசல்லயே நாத்தம். சாக்கடை ஓரமெல்லாம் வெள்ளையாப் படிஞ்சு கெடக்கு. உள்ள போய் கெர்னலைத் தொறந்து பாத்தேன். பொய் டிஸ்க்குக்கு முன்னாடி மறுபடியும் நட்சத்திரம்.

அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. எம் போட்டது யாருன்னு வேற ஆளைத் தேட வேண்டியதில்லையே, அந்த ரூம்ல ரெண்டு பேர்தானே. நான் நிமிந்து பாத்தேன். அவ அந்தப் பக்கம் உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருக்கா. ஒரு வார்த்தை கேக்கலைங்க. கத்தியிருக்கலாம்ல? "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க"ன்னு கேட்டிருக்கலாம்ல? கேட்டா நான் சொல்லியிருப்பேன். எம்-னா தப்பு இல்லைடி, நீ ஆஃப் பண்ணதுதான் தப்புன்னு. கேக்கலை. எந்திரிச்சுப் போய் தண்ணி குடிச்சுட்டு வந்து வேலையைப் பாக்க ஆரம்பிச்சுட்டா. அது திமிர் இல்லாம வேற என்ன?

எம்.டி. கேட்டார், கடைசியா யார் கை வச்சதுன்னு. "நான்தான் சார் ரீஸ்டார்ட் பண்ணேன்"னுட்டா. அவ்வளவுதான் சொன்னா. நான் பக்கத்துலதான் நின்னேன். அவ சொன்னது உண்மைதானே? அவதானே பண்ணா? நான் குறுக்க பூந்து என்ன சொல்றது?

இப்ப ஹெட் ஆபீஸ்ல என்குயரி வச்சுட்டாங்க. அவளை நேத்தே கூப்பிட்டு விசாரிச்சுட்டாங்க, பெரம்பூர்ல அவ தங்கச்சி வீட்ல தங்கியிருக்கா. கவனக்குறைவுன்னு எழுதி அனுப்பிட்டாங்கன்னா எங்க லைன்ல வேற எவனும் எடுக்க மாட்டான். புதுசா எடுக்கிறவன் பழைய ஆபீசுக்கு ஒரு போன் போட்டுக் கேப்பான், முடிஞ்சு போச்சு. நான் என்ன சொல்லப் போறேன்னு பாக்குறீங்களா? கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன். கடைசியா யார் கை வச்சதுன்னு கேட்டா தில்ஷாத்துன்னு சொல்லுவேன். பொய் சொல்ல மாட்டேன். அதுக்கு மேல அவங்க கேக்காததை எல்லாம் நான் எதுக்கு இழுத்துப் போடணும்? எனக்கும் புருஷன் நெஞ்சுல ஸ்டென்ட் வச்சுக்கிட்டு வீட்ல இருக்கார். ரிட்டயர் ஆகிற வயசு கிட்ட வந்துருச்சு. என் பேரு இத்தனை வருஷமா ஒரு சொல் கேட்டதில்லை.

ஏங்க அப்படிப் பாக்குறீங்க?

இருங்க, போன் அடிக்குது. அவதான். பாருங்க, பேரைப் பாருங்க, அவதான். கெஞ்சத்தான் கூப்பிடுவா. எடுக்கவா வேணாமா? எடுக்கச் சொல்றீங்களா? சரி, நீங்க சொல்றீங்களேன்னு எடுக்கிறேன்.

சொல்லு. ம். வண்டியிலதான் இருக்கேன். மேல்மருவத்தூர் தாண்டிருச்சு. சாப்பிட்டேன், சாப்பிட்டேன். அவருக்கு நல்லாயிருக்கு. என்னது? எப்ப? யாரைக் கேட்டு எழுதிக் குடுத்த? ஏய், தில்ஷாத், யாரைக் கேட்டுக் குடுத்தேங்கிறேன். ம். ம். எது? கூலிங் மிஷின்லயா? ம். ஆமா, ரெண்டுலயும்தான். இல்லை, மறந்துட்டேன். சரி. சரிடி. வை.

வச்சுட்டா.

நேத்தே எழுதிக் குடுத்துட்டாளாம். தப்பு எம்மேலதான், நானே வேலையை விட்டுர்றேன்னு. அதுக்கப்புறம் சாட்சி எதுக்குன்னுட்டாங்களாம். "நீங்க வரலைன்னாலும் பரவாயில்லையாம்க்கா, வெயில்ல அலையாதீங்க, செங்கல்பட்டுல எறங்கித் திரும்பிப் போயிருங்க, மாமாவைத் தனியா விட்டுட்டு வந்திருக்கீங்க"ங்கிறா. அப்புறம் எதுக்குக் கூப்பிட்டாளாம் தெரியுமா? அந்தக் குளிரூட்டுற பக்கம் மிஷின் இருக்குல்ல, அதுல இன்னும் எம்-தான் இருக்காம். "நான் தொடலைக்கா, நீங்க வச்சது. ஞாயித்துக்கிழமை கரண்ட் வேலை இருக்கு, எல்லாம் ஆஃப் ஆகும். அதுக்குள்ள நட்சத்திரம் போட்டுருங்க. நான் இருக்க மாட்டேன், அதான் இப்பவே சொல்றேன்"னு சொல்லிட்டு வச்சுட்டா.

பாத்தீங்களா? போறப்பக்கூட எனக்குப் புத்தி சொல்லிட்டுப் போறா.

சரி, நல்லதாப் போச்சு. அவளாவே முடிச்சுட்டா. என் வாயால ஒண்ணும் வரலை. நிம்மதிதான். இப்ப நான் போய் வேற மாதிரி ஏதாவது சொன்னேன்னா அவளைப் பொய்க்காரின்னு ஆக்குன மாதிரி ஆயிறாதா? அவளுக்கு அது அசிங்கம். நான் போகாம இருக்கிறதுதான் அவளுக்கு நல்லது. அவளே சொல்லிட்டா வேணாம்னு. கண்ணுல தூசி விழுந்துருச்சு, இந்த ஜன்னலை மூடவும் முடியலை. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க.

செங்கல்பட்டு வந்துருச்சுல்ல? அதோ ஏரி தெரியுது. திரும்புற வண்டி பகல்லயே ஒண்ணு இருக்கு, பிடிச்சா ராத்திரிக்குள்ள வீடு. அந்தப் பையை மட்டும் எடுத்துக் குடுங்க. வேணாம், நானே எடுத்துக்கிறேன். உங்ககிட்ட பேசினது மனசுக்கு ஆறுதலா இருந்துச்சுங்க. நீங்க எதுக்குப் போறீங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை பாருங்க.

கொஞ்சம் காலை மடக்குங்க. எறங்கணும்.

ஏங்க, காலை மடக்குங்க. இங்க ரொம்ப நேரம் நிக்காது. உங்களைத்தான். காது கேக்கலையா? என்னங்க இது, முன்னாடி சீட்டுல காலை இப்படி முட்டுக் குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தா நான் எப்படிப் போறது? தாண்டிப் போற வயசா எனக்கு? எடுங்க. எடுங்கங்கிறேன்ல. இந்தாங்க, இந்தம்மா வழி விட மாட்டேங்குறாங்க, யாராவது சொல்லுங்களேன்.

போச்சு. வண்டியை எடுத்துட்டான்.

நீங்க யாருங்க எனக்கு? உங்க பேர்கூட எனக்குத் தெரியாது. இப்ப மட்டும் காலை மடக்கிக்கிட்டீங்க, நல்லா இருக்குங்க. தாம்பரத்துல எறங்கிக்கலாம்தான். எறங்கலாம். அங்கேயும் இப்படித்தான் உக்காருவீங்களா? பதில் சொல்ல மாட்டீங்க. அவளும் இப்படித்தான், வாயைத் தொறக்க மாட்டா, கண்ணை மட்டும் எடுக்க மாட்டா.

தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க.

ஏங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அங்க என்குயரியில மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவங்க ஒருத்தருக்கும் கெர்னல்னா என்னன்னு தெரியாது. நட்சத்திரம்னா என்ன, எம்-னா என்னன்னு அவங்களுக்கு முதல்ல இருந்து சொல்லணும். உங்களுக்கும் இன்னைக்குக் காலையில வரைக்கும் ஒண்ணும் தெரியாதுல்ல? நான் சொன்னதுல உங்களுக்கு எல்லாம் புரிஞ்சுச்சா?

புரிஞ்சிருக்கு. அப்ப அவங்களுக்கும் புரிஞ்சிரும்.